மூன்று கப் என்று போட்டு விற்கிறீர்களே, அது யாருடைய கப்?

இன்று காலையும் காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடுதான் வேலைக்குக் கிளம்பினேன். கரியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு. பால் ஊற்றியும் அடங்கவில்லை, சர்க்கரையைக் கூடப் போட்டும் அடங்கவில்லை. மூன்று வருடமாக இதே மோக்கா பாட் (அடுப்பில் வைத்துக் காபி போடுகிற இத்தாலியப் பாத்திரம்), இதே அறை, இதே கை. போன வாரம் வரைக்கும் நன்றாக வந்துகொண்டிருந்த காபி இந்த வாரம் ஏன் நாசமாகிறது என்றால், தூள் கடையில் நான் கேட்டது ஒன்று, அவர்கள் கட்டிக்கொடுத்தது இன்னொன்று. வயிறு எரிகிறது, எழுதித் தீர்க்கிறேன்.

என் இடம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி அறை, பத்துக்குப் பத்து. சமையல் மேடை என்பது இரண்டடிக் கடப்பா கல். கேஸ் அடுப்பு கூடாது என்று ஓனர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அது அவர் வீடு, மூடிய அறையில் சிலிண்டர் வேண்டாம் என்பதும் நியாயம்தான். அதனால் ஒரே ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரே ஒரு பிளக் பாயிண்ட். "பேசாமல் ஒரு ஃபில்டர் வாங்கி வைக்க வேண்டியதுதானே" என்று கேட்காதவர்கள் இல்லை. ஃபில்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அம்மா ராத்திரியே தூள் போட்டு இறக்கி வைக்கிற டிகாஷன் வாசனையில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் ஆறரை மணிக்கு எழுந்து ஏழரைக்கு மின்சார ரயிலைப் பிடிக்கிற ஒற்றை ஆளுக்கு, சொட்டுச் சொட்டாக இறங்குகிற டிகாஷனுக்குக் கால் மணி, அரை மணி காத்திருக்க முடியவில்லை. ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பிய பிறகு நாளைக்காக ஃபில்டர் போட்டு வைக்கத் தெம்பும் இருப்பதில்லை. மோக்கா பாட் உள்ளங்கை அகலம்தான் இடம் கேட்கும், ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடியும், வடிகட்டத் தாள் வாங்க வேண்டாம், மெஷின் வேண்டாம்.

1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி இந்த எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடைக்குப் போய் மெஷின் காபி குடிக்கிறவர்கள் வீட்டிலேயே, சாதாரண அடுப்பிலேயே கெட்டியான காபி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த பாத்திரம். அதாவது என்னை மாதிரி ஆட்களுக்காகச் செய்தது. கீழே தண்ணீர், நடுவில் சல்லடைக் கூடையில் தூள், மேலே காபி. சூடு ஏறினால் கீழே இருக்கிற காற்றும் ஆவியும் விரிந்து தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு எளிமையான ஒரு பாத்திரத்தை நம் ஊரில் விற்கிறவர்கள் எவ்வளவு குழப்பி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆத்திரம்.

பெட்டி மேல் பெரிதாக "எஸ்பிரெசோ மேக்கர்" என்று போடுகிறார்கள். எஸ்பிரெசோ மெஷினில் தண்ணீரைத் தள்ளுகிற அழுத்தம் 9 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு இருக்கும், இதில் 1, மிஞ்சினால் 1.5. இதில் வருவது வேறு காபி, அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது, அதைச் சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? அடுத்து, 3 கப், 6 கப் என்று ஒரு கணக்கு. அந்தக் கப் இத்தாலிக்காரர்களின் குட்டிக் கோப்பை, ஒன்றுக்குச் சுமார் 50 மில்லி. நம் டம்ளரை மனதில் வைத்துக்கொண்டு வாங்குகிற ஆள் என்ன ஆவான்? 3 கப் பாத்திரத்தில் இறங்குவதைப் பாலோடு கலந்தால் நம் கணக்கில் இரண்டு டம்ளர் வரும், ஒற்றை ஆளுக்கு அதுவே தாராளம். இது தெரியாமல் என்னோடு வேலை செய்கிற பையன் 6 கப் வாங்கிவிட்டு, அவ்வளவு காபி எதற்கு என்று கூடையில் பாதித் தூள் போடுகிறான். பாதி போட்டால் தண்ணீர் தூளுக்குள் ஊறாமல் கிடைத்த சந்து வழியாக ஓடிவிடும். காபி நீர்த்தும் இருக்கும், கசக்கவும் செய்யும். ஒரு மாதம் போராடிவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான், கேட்டால் "அது டப்பா, அண்ணே" என்கிறான். டப்பா இல்லை தம்பி, உனக்குச் சொல்லாமல் விற்றவன்தான் தப்பு.

இண்டக்ஷன் கதை இதைவிட மோசம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, இண்டக்ஷனில் சூடாகாது. பள்ளிக்கூடப் பாடம் மாதிரி தெளிவான விஷயம் இது. நான் வாங்கும்போது கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டேன், "இண்டக்ஷனில் வைக்கலாமா?" "எல்லா அடுப்பிலயும் வைக்கலாம் சார்." வீட்டுக்கு வந்து வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோகிறது. திருப்பிக் கொண்டுபோனால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது. சரி, அடியில் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் மாடல் வாங்கினால் போதுமா என்றால், அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 3 கப் பாத்திரத்தின் அடிப்பாகம் நாலு விரல் அகலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நிறைய அடுப்புகள் அவ்வளவு சின்னப் பாத்திரத்தைப் பாத்திரமாகவே கண்டுகொள்ளாது. இதைப் பெட்டியில் ஒரு வரி போட்டால் என்ன? சின்ன அறையில் இருக்கிறவர்கள்தான் சின்னப் பாத்திரம் வாங்குவார்கள், அவர்களிடம்தான் இண்டக்ஷன் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தடவை யோசித்துப் பார்க்க விற்கிறவர்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா?

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு தோசைக்கல். கல்லை இண்டக்ஷனில் வைத்து, அதன் மேல் மோக்கா பாட். வேலை செய்கிறது, ஆனால் கவனம் வேண்டும். அடுப்பை அணைத்தாலும் கல் சூட்டை விடாது, பாத்திரத்தைக் கையோடு எடுத்து ஈரத்துணி மேல் வைக்க வேண்டும்.

இப்போது தூளுக்கு வருகிறேன், என் கோபத்தில் பாதிக்கு மேல் இங்கேதான்.

ஒரு ராத்திரி பஸ் ஏறினால் காபி விளைகிற ஏற்காடு. இன்னொரு பக்கம் வால்பாறை, தாண்டிக்குடி. நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் விளைகிற கர்நாடகம் பக்கத்து மாநிலம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, சிக்கரி கலக்காத தூள் கால் கிலோ கேட்டால் கடையில் என்னை ஏதோ தகராறு பண்ண வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். "சிக்கரி இல்லாம குடிச்சா காபியே இல்ல தம்பி", "பத்து பர்சென்ட் மட்டும் போடறேன், தெரியாது", இப்படி. எனக்குத் தெரிகிறது! நாக்குக்குத் தெரிவதற்கு முன்னால் பாத்திரத்துக்குத் தெரிகிறது.

சிக்கரி ஒரு வேர், அதை வறுத்து அரைக்கிறார்கள். காபியைவிட வேகமாகத் தண்ணீரில் கரையும், நிறமும் கெட்டித்தனமும் கொடுக்கும். ஃபில்டரில் அது பொருத்தம்தான், தண்ணீரை மெதுவாக இறக்கிவிடும், காபி 80-க்குச் சிக்கரி 20 போட்டுப் பழகிய நாக்குக்கு அதுதான் ருசி, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மோக்கா பாட்டில் அதே சிக்கரி ஊறிப் பசை மாதிரி ஆகிச் சல்லடையை அடைக்கிறது. தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் கீழே சூடு ஏறிக்கொண்டே போகும், அப்புறம் திடீரென்று சீறிக்கொண்டு தெறிக்கும், கீழ்ப் பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன வால்விலிருந்து ஆவி அடிக்கும். பத்துக்குப் பத்து அறையில் அடுப்புக்கும் என் தலையணைக்கும் நடுவில் நாலடி தூரம். இதை ருசிப் பிரச்சினை மட்டும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சட்டத்தையும் பாருங்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் விதி. அதாவது 49 சதவீதம் வரை வேர்த்தூள் இருந்தாலும் விற்கலாம். பாக்கெட்டில் வாங்கினால் அளவையாவது படித்துப் பார்த்துக்கொள்ளலாம், கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடையில் அரைக்கிறவர் வாய்வார்த்தைதான் லேபிள்.

அரைக்கிற பக்குவம் அடுத்தது. தூள் உப்பு மாதிரி இருக்க வேண்டும், ரவை அளவுக்குப் பருமனும் வேண்டாம், மாவாகவும் வேண்டாம். எங்கள் கடையில் ஒரே பக்குவம்தான், விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி ஒட்டும். மெஷினில் திருகு இருக்கிறது, ஒரு திருகு திருப்பினால் போதும். திருப்ப மாட்டார்கள். இந்த வாரத் தூள் வாங்கும்போது மூன்று தடவை சொன்னேன், சிக்கரி வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பாக. தலையை ஆட்டிவிட்டு, எனக்கு முன்னால் வந்தவருக்கு 70-க்கு 30 அரைத்த அதே மெஷினில், அந்த மிச்சத்தைக்கூடத் தட்டாமல், அதே பக்குவத்தில் அரைத்துச் சுடச்சுடக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதைத்தான் இன்று காலை தொட்டியில் ஊற்றினேன்.

நல்ல தூள் கிடைத்தால் மீதி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வால்வுக்குக் கீழே நிற்கிற மாதிரி வெந்நீர், கூடை நிறையத் தூள் (3 கப்புக்கு 15 கிராமிலிருந்து 17 கிராம் பிடிக்கும்), அமுக்காமல் விரலால் தடவிச் சமன் செய்துவிட்டு, இறுக்கி மூடி, மெல்லிய சூடு. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் தேன் மாதிரி கறுப்பாக வழியும், போகப் போக நிறம் வெளுக்கும், வெளுக்க ஆரம்பித்ததுமே எடுத்துவிட வேண்டும். குடுகுடுவென்று சத்தம் வரும்வரை விட்டால் மிச்சத் தண்ணீரோடு ஆவியும் தூளுக்குள் புகுந்து கசப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இதைச் சொல்லித்தருகிறோம் என்று வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர் "சத்தம் வந்ததும் காபி ரெடி" என்கிறார்கள். ரெடி இல்லை ஐயா, கெட்டுப்போய்விட்டது!

ரப்பர் வாஷர் பற்றியும் சொல்ல வேண்டும். தேய்ந்தால் ஓரத்தில் ஆவி கசியும், அப்புறம் காபி மேலே ஏறவே ஏறாது. பாத்திரம் விற்கிற கடையில் வாஷர் இல்லை, வாஷர் இருக்கிற கடையில் என் அளவு இல்லை. பாரிமுனையில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடி, குக்கர் உதிரிபாகம் விற்கிற ஒரு பெரியவர் அளவெடுத்து எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தார். அவர் ஒருத்தர்தான் இந்த மூன்று வருடத்தில் நான் கேட்டதைக் காதில் வாங்கிக் கொடுத்தவர்.

சாயங்காலம் தூள் பொட்டலத்தோடு கடைக்குத் திரும்பப் போனேன். இனிமேல் அரைக்க வேண்டாம், வறுத்த பீபெரியை (பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளைகிற காபிக் கொட்டை) அரைக்காமல் கொட்டையாகவே கால் கிலோ கொடுங்கள், கையால் அரைக்கிற மில் வாங்கிவிட்டேன் என்றேன். "கொட்டைய வச்சு என்ன பண்ணப் போறீங்க, அரைச்சே தரேன் தம்பி" என்று அவர் கை மறுபடியும் மெஷின் பக்கம் போனது. கையை நீட்டித் தடுத்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். கொட்டையாகக் கட்டி, எடை போட்டு, என் கையில் தரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.