‘ஒரு வாய்தானே’ என்கிற அன்பர்களுக்கு

பிள்ளைகள் வேஷம் போட்டு, கையில் வாளியோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நெருங்கினால் போதும், எங்கள் நியூ ஜெர்சி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கை மழை கொட்டும். மிட்டாய்க்குள் பிளேடு, சாக்லேட்டில் போதை மருந்து, முகம் தெரியாதவர் கொடுத்ததை நம்பாதீர்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைப் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்துவருகிறார். வீடு வீடாகப் போன குழந்தை ஒன்று, முன்பின் தெரியாதவர் விஷம் வைத்த மிட்டாயால் செத்தது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974ல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு மிட்டாய் தின்று இறந்தது உண்மை. வைத்தவன் பெற்ற அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக.

அதே வாளியில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் விழுகிற, வேர்க்கடலை போட்ட ரீசஸ், ஸ்னிக்கர்ஸ் மிட்டாய்கள் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடுவதில்லை. என் மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது. தடிப்பு, அரிப்போடு போகிற சமாசாரம் இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அமெரிக்காவில் ஏறக்குறைய பதின்மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோ ஓர் உணவு ஒவ்வாமை. வகுப்புக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன், ஈஸ்டர் சமயங்களில் வேர்க்கடலையால் அவசர சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் கூடுகிறார்கள் என்று கனடாவில் 2020ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கூடாமல் என்ன செய்யும்? பெரிய பையில் அச்சடித்த பொருள் பட்டியல், உள்ளே இருக்கிற குட்டிப் பொட்டலத்தில் பல நேரம் இருக்காது. ‘கடலை கலந்திருக்கலாம்’ என்ற வரியைப் போடுவதும் போடாததும் கம்பெனியின் இஷ்டம், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இதற்காகத்தான் வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைக்கும் பழக்கம் வந்தது. கிழக்கு டென்னசியில் அலர்ஜிப் பிள்ளைகளின் பெற்றோர் குழு ஒன்று 2012ல் தொடங்கியதை, ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014ல் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பூசணி இருந்தால், இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத ஏதாவது கிடைக்கும் என்று பொருள்: ஸ்டிக்கர், பென்சில், இருட்டில் ஒளிரும் குச்சி. மிட்டாயே கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தனிக் கிண்ணத்தில் வையுங்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் இதைச் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. படி ஏறியதும் தன் வியாதிக் கதையைச் சொல்லாமல் ஒரு குழந்தை கையை நீட்ட முடிகிறதே, எனக்கு அது பெரிய விஷயம்.

எனக்குப் பயம் நம் வீட்டு விருந்துகளில்தான். 2024ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. தெருவில் நிம்மதியாகச் சுற்றியவளை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ஒரு நிமிஷம் கண்ணை விட்டு அகற்ற முடியவில்லை. காஜு கத்லி கண்ணுக்குத் தெரிகிறது, ஒதுக்கிவிடலாம். குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி தெரியுமா? வேர்க்கடலை போட்ட லெமன் சாதத்துக் கரண்டி தயிர் சாதத்துக்குள் போவது தெரியுமா? இப்போது எல்லார் வீட்டிலும் மரச்செக்குக் கடலை எண்ணெய் வேறு. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் கடலைப் புரதம் அநேகமாக இருக்காது. செக்கு எண்ணெயில் இருக்கும். ஆரோக்கியம் என்று பெருமையாகச் சொல்லிப் பரிமாறுவது என் பெண்ணுக்கு ஆபத்து. மற்ற பிள்ளைகளுக்கும் இப்படித்தான்: கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், இட்லிப்பொடியில் எள். 2023 ஜனவரி முதல் இங்கே எள்ளும் பாக்கெட்டில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்பதாவது அலர்ஜிப் பொருள். ஆனால் பாட்லக் பாத்திரத்துக்கு ஏது லேபிள்?

“ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா, நீதான் பயமுறுத்தி வெச்சிருக்கே” என்று ஊட்டிவிட வருகிற மாமிகளின் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்தக் கையைத் தடுத்தால் நான் திமிர் பிடித்தவள். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகிறேன்.

“நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?” என்றும் கேட்பீர்கள். 2015ல் இங்கிலாந்திலிருந்து வந்த லீப் ஆய்வு, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு அப்போதே கடலை கொடுத்துப் பழக்கினால், பின்னாளில் அலர்ஜி வருவது சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. ஆகவே உங்கள் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட பிள்ளையிடம் மட்டும் அந்தப் பரிசோதனையை நீங்களாக நடத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று. என் பெண்ணோ வேறு எந்தப் பிள்ளையோ உங்கள் வீட்டில் வாந்தி எடுத்து, குரல் மாறி, மூச்சு இழுத்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பெனட்ரில் என்ற அலர்ஜி மருந்து அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. பிள்ளையின் பையில் எபிபென் என்ற அவசர ஊசி இருக்கும். தொடையின் வெளிப்பக்கம், பேண்ட் மேலேயே குத்தலாம். குத்திவிட்டு அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே மூச்சடைப்பு மறுபடி வரலாம். என்னை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும்.