நோரா வெளியேறினாள், எமிலி தங்கிவிட்டாள்

இலக்கியத்தில் விடுதலை என்று பேச்சு வந்தாலே பலர் முதலில் சொல்லும் பெயர் நோரா. 1879இல் நார்வே நாடக ஆசிரியர் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் கடைசியில் கணவனையும் பிள்ளைகளையும் விட்டு அவள் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். மனைவி, தாய் என்பதற்கெல்லாம் முன்னால் தானும் ஒரு மனிதப் பிறவி என்கிறாள். அந்த இடம் இன்றும் என்னை உலுக்கும். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியைச் சீன எழுத்தாளர் லூ சுன் 1923இல் பெய்ஜிங்கில் மாணவிகள் முன்னால் எழுப்பினார்: வெளியே போன நோரா அப்புறம் என்ன ஆனாள்? கையில் காசில்லாவிட்டால் சீரழிவாள், இல்லையென்றால் திரும்பி வருவாள் என்றார். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929இல், ஒரு பெண் எழுதவேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் வேண்டும் என்று எழுதியதும் இதே கணக்குதான்.

சரி, வெளியே போகாதவள் என்ன ஆகிறாள்? எனக்கு நெருக்கமான கதைகள் அங்கேதான் இருக்கின்றன.

நம் சிங்கப்பூர் எழுத்தாளர் ஸ்டெல்லா கோனின் 'எமிலி ஆஃப் எமரல்ட் ஹில்' ஒரே ஒருவர் நடிக்கும் நாடகம். 14 வயதில், மலாய்ப் பண்பாடு கலந்த சீன வம்சாவளியினரான பெரனாக்கன்களின் பெரிய வீடொன்றுக்கு மருமகளாக வருகிறாள் எமிலி. சமையல், உபசாரம், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்ற சாமர்த்தியம், இவற்றாலேயே அந்த வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவருகிறாள். யாருக்கும் வேண்டாதவளாக வளர்ந்த பெண் இப்படி எழுந்து நிற்பதைப் பார்க்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூத்த மகன் ரிச்சர்ட் தன் வழியில் போக நினைத்தபோது அவள் விடவில்லை. அவன் தற்கொலை செய்துகொள்கிறான். தனக்கென ஓர் இடத்தைப் போராடிப் பிடித்தவளே மகனுக்கு ஓர் இடம் தரவில்லை. என் குடும்பத்துப் பெரியம்மாக்களை நினைக்காமல் இந்த நாடகத்தை என்னால் படிக்க முடிந்ததில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் வரும் ஜீஜி, எமிலிக்கு அக்கா மாதிரி. ராஜஸ்தானின் கூட்டுக்குடும்பம், இருண்ட சமையலறை, அதுவே அவளுடைய அதிகாரம். நோயில் கிடக்கும் ஜீஜியிடம், உன் பலம் அந்த அடுப்படியிலிருந்து வரவில்லை என்று மருமகள் மீனாட்சி சொல்கிறாள். எமிலியிடம் அப்படிச் சொல்ல யாருமே இல்லை. அதனால்தான் இரண்டில் அம்பையின் கதையை நான் ஒரு படி மேலே வைக்கிறேன். அதிகாரம் வேறு, விடுதலை வேறு என்பதை அந்த வீட்டுப் பெண் ஒருத்தியே இன்னொருத்தியிடம் பேசிவிடுகிறாள்.

(புதுமைப்பித்தனின் அகலிகையும் உண்டு. ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். அது வெளியேறுவதும் இல்லை, தங்குவதும் இல்லை. தனியாக எழுதவேண்டிய விஷயம்.)

இதையெல்லாம் சிங்கப்பூரில் உட்கார்ந்து படிக்கும்போது வேறொரு பெண் என் கண்முன் வருகிறாள். உல்ஃப் கேட்ட சம்பளம் அவளிடம் இருக்கிறது. அறை இல்லை. மணமாகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு வீடு வாங்கப் பொதுவாக 35 வயதாகவேண்டும்; வாடகையோ கழுத்தை நெரிக்கிறது. 30 வயதிலும் தங்கையோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, இரவு தாமதமானால் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அதே அம்மாவை உயிராக நேசித்துக்கொண்டும் இருக்கிறாள். கதவை அறைந்து சாத்த அவளுக்கு மனம் வராது, எமிலியாகவும் அவளுக்கு விருப்பமில்லை. நம் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்கள் யாராவது இவளை ஒரு முழு நாவலாக எழுதவேண்டும். ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த வாரமே தேடிப் படிக்கிறேன்.