உட்ஸ்டாக்கைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்தச் சரிவில் நில்லுங்கள்

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், அங்கேயே வேலை பார்க்கிற இளைஞர்கள் என்று நம்மவர்கள் பலர், 1969இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவுக்கான அருங்காட்சியகத்துக்கு இப்போது போய்வந்து படம் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலான படங்களில் வண்ணம் பூசிய பழைய பேருந்தும் நினைவுப்பொருள் கடையும்தான் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டிய பெரிய பொருள் கூரைக்கு வெளியே கிடக்கிறது. அது ஒரு மாட்டுப்பண்ணைச் சரிவு. அதை முதலில் பார்த்துவிட்டு உள்ளே போனால் காட்சிக்கூடம் முழுக்க வேறு மாதிரி புரியும். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதல் எச்சரிக்கை வழி பற்றியது. உட்ஸ்டாக் விழா உட்ஸ்டாக் என்ற ஊரில் நடக்கவே இல்லை. அந்த ஊருக்குத் தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சல்லிவன் மாவட்டத்தில் உள்ள பெத்தல் என்ற சிற்றூரில் நடந்தது. கைபேசியில் ‘உட்ஸ்டாக்’ என்று போட்டு வண்டியை எடுத்தால் மலையடிவாரத்தில் அழகான வேறொரு ஊரில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருங்காட்சியகம் இருக்கும் வளாகத்தின் பெயரான ‘பெத்தல் வுட்ஸ்’ என்று தேடுங்கள். நியூயார்க் நகரத்திலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். வாசல் வரை ரயில் கிடையாது. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும், அதனால் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களின் இணையதளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஹர்ட் சாலையும் வெஸ்ட் ஷோர் சாலையும் சேரும் முனையில் 1984இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. அங்கே நின்றால் சரிவு முழுவதும் தெரியும். மேக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரரின் குதிரைமசால் வயல் அது. மூன்று பக்கம் மேடு, நடுவில் பள்ளம், கிண்ணத்தைச் சாய்த்து வைத்த மாதிரி. பள்ளத்தின் அடியில் மேடை, அதற்குப் பின்னால் குளம். 1969 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை வரை இந்தச் சரிவில்தான் 4 லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அடிவாரம் வரை இறங்கிப் போய், திரும்பி நின்று மேலே பாருங்கள். பாட வந்தவர்கள் கண்ட காட்சி அது. பிறகு ஏறி வாருங்கள், மூச்சு வாங்கும். மழையில் மிதிபட்டுச் சேறான இதே சரிவை மூன்று நாள் ஏறி இறங்கியவர்களின் நிலைமை, எந்தப் பலகையையும் படிக்காமலே உங்கள் காலுக்குத் தெரிந்துவிடும். நல்ல பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே ஏறியதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 300 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் கிட்டார் தந்தியை மீட்டும் கை தெரிந்து, ஏறக்குறைய ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். காற்று திசை மாறினால் பாட்டு அலை அலையாக வந்து போகும். இவ்வளவையும் மீறி அந்தக் கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டு சேர்த்தவர் ஒலிப் பொறியாளர் பில் ஹேன்லி. 1,50,000 முதல் 2,00,000 பேர் வரை வருவார்கள் என்று கணக்கிட்டு அமைத்த ஒலியமைப்பு அது. வந்தது அதைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியும் அரை டன் எடை, ஆள் உயரம், உள்ளே 15 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. ஒலிபெருக்கிகளைத் தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர்களுக்குக் காது கிழியும், பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் 70 அடி உயரச் சாரக் கோபுரங்களில் ஏற்றினார்கள். மேலேயிருந்து சரிவை நோக்கித் திருப்பினால் தலைகள் ஒலியை மறைக்காது. இயற்கையான அந்தக் கிண்ண வடிவம் மீதி வேலையைச் செய்தது. காட்சிக்கூடத்தில் பாடகர்களின் படங்களுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். எனக்கு ஹேன்லியின் பெயர்தான் அந்த விழாவின் முதல் வரிசையில் இருக்க வேண்டிய பெயர்.

அதே கோபுரங்கள்தான் விழாவின் பெரிய பயமும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜோ காக்கர் பாடி முடித்ததும் இடி மின்னலுடன் புயல் மழை. உயரத்தில் அரை டன் பெட்டிகள், கீழே நகர இடமில்லாத ஜனம், சாரத்தில் தொற்றி ஏறிய இளைஞர்கள். “கோபுரத்திலிருந்து இறங்குங்கள்” என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். இசை பல மணி நேரம் நின்றது. ஒன்று சாய்ந்திருந்தாலும் இன்று நாம் இந்த விழாவை வேறு காரணத்துக்காக நினைத்துக்கொண்டிருப்போம்.

முந்தைய நாள் சனிக்கிழமை இரவு கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக் குழுவுக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொண்டு போங்கள். மேடையில் சுழலும் தளம் ஒன்று அமைத்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு குழு வாசிக்கும்போதே பின்பக்கம் அடுத்த குழு கருவிகளை அடுக்கி, தளத்தைத் திருப்பினால் இடைவெளி இல்லாமல் நிகழ்ச்சி நகரும் என்பது திட்டம். அந்தக் குழுவின் கருவிகளின் எடை தாங்காமல் அது நின்றுபோனது. போதாததற்கு எர்த் கோளாறு. கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கும் மைக்குக்கும் எர்த் ஒரே புள்ளியில் சேராமல் இருந்தால், இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருக்கும். கையில் உலோகத் தந்தி, உதட்டுக்கு அருகில் உலோக மைக், காலடியில் ஈரம். தொட்ட மாத்திரத்தில் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். அவர்கள் ஷாக் வாங்கிக்கொண்டேதான் வாசித்தார்கள். ஊர்த் திருவிழாவில் மேடை போடுகிற நம் ஒலிபெருக்கிக்காரர்கள் எவருக்கும் இதைப் படித்தவுடன் வயிற்றைப் பிசையும்.

“இலவச விழா” என்ற புகழ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது யாருடைய பெருந்தன்மையாலும் தொடங்கியதல்ல. முதலில் இடம் கொடுத்த வால்கில் என்ற ஊர், விழாவுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு ஜூலை 15 அன்று தடை போட்டது. பெத்தலுக்கு மாறியபின் நாள் போதவில்லை. மேடையை முடிப்பதா, வேலியையும் நுழைவாயிலையும் முடிப்பதா என்ற நிலை வந்தபோது ஆட்களை மேடை வேலைக்குத் திருப்பினார்கள். மேடை இல்லாமல் அத்தனை பேர் கூடிவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு அது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மூன்று நாளுக்கு முன்பதிவில் 18 டாலர், வாசலில் 24 டாலர் என்று வைத்த சீட்டுகளில் சுமார் 1,86,000 முன்பே விற்றிருந்தன. வாசலில் விற்க வாசலே இல்லை. அமைப்பாளர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனில் விழுந்தார்கள். அதை மீட்டுக் கொடுத்தது 1970இல் வந்த ஆவணப்படம்.

கூடத்துக்குள் நுழைந்தவுடன் வருவது அறுபதுகளின் அமெரிக்கா: வியட்நாம் போர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், கொலையுண்ட தலைவர்கள். இந்தப் பகுதி நீளம். இந்த வரலாறு தெரிந்தவர்கள் இங்கே நேரத்தைச் சுருக்கி, விழாவைப் பற்றிய பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். தெரியாதவர்கள் வியட்நாம் பகுதியை மட்டுமாவது விடாதீர்கள். கட்டாய ராணுவச் சேவைக்கான அழைப்பு எந்த நாளும் வீட்டுக்கு வரலாம் என்ற வயதில் இருந்த பிள்ளைகள்தான் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அதை மறந்துவிட்டுப் பார்த்தால் வெறும் கேளிக்கையாகத்தான் தெரியும்.

நம்மவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய இருவர் உண்டு. முதல் நாள் தொடங்க வேண்டிய குழு போக்குவரத்தில் சிக்கியதால், ரிச்சி ஹேவன்ஸ் மாலை ஐந்து மணி வாக்கில் கிட்டாரோடு மேடை ஏறினார். அடுத்தவர் வந்து சேரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம். கைவசமிருந்த பாட்டுகள் தீர்ந்து, ‘விடுதலை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அங்கேயே ஒரு பாட்டைக் கட்டினார். அவர் இறங்கியபின் காவி உடையில் மேடையில் வந்து அமர்ந்தவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்தவர். பத்தமடையில் பிறந்து ரிஷிகேஷில் ஆசிரமம் கண்ட சிவானந்தரின் சீடர். நியூயார்க்குக்கு வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. சாலை அடைத்துப்போயிருந்ததால் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். பிரபஞ்சத்தை இயக்குவது ஒலி என்றும், பொருளால் உலகுக்கு உதவும் அமெரிக்கா ஆன்மிகத்தாலும் உதவ வேண்டிய காலம் இது என்றும் பேசினார். கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரின் குரல்தான் அந்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தொடக்க உரையாக அமைந்தது என்பது நம் ஊர்களில் இன்னும் பலருக்குத் தெரியாது.

அன்றிரவு பத்து மணி வாக்கில் ரவி சங்கர், தபலாவில் அல்லா ரக்கா. மழை தூறிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டது பூரியா தனாஸ்ரீ. நம் பந்துவராளிக்கு இணையாகச் சொல்லப்படும் அந்தி நேர ராகம். சித்தாரில் சுமார் 20 தந்திகள். அவற்றில் பாதிக்கு மேல், தொடாமலே உடன் அதிர வேண்டிய அடித்தந்திகள். ஈரக்காற்றில் கழுத்து மரமும் குடமும் சற்றே அசைந்தாலும் அத்தனையும் கலையும். தபலாத் தோல் ஈரம் குடித்தால் தளர்ந்து சுருதி இறங்கும். கட்டையைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே வாசிக்க வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் நடந்த மான்டரே இசை விழாவில் அமைதியாக உட்கார்ந்து கேட்ட ரசிகர்களைக் கண்டு மகிழ்ந்தவர் அவர். இங்கே சேற்றில் கிடந்த கூட்டத்தைப் பார்த்தபோது நம் ஊரில் சேற்றில் புரளும் எருமைகள் நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் சொன்னார். இந்தக் கசப்பையும் காட்சிக்கு வைத்தால்தான் விழாவின் வரலாறு முழுமை பெறும் என்பது என் உறுதியான எண்ணம். 1970இல் வந்த படத்தில் அவர் இல்லை. கிரேட்ஃபுல் டெட் இல்லை. அங்கே வாசித்த கிரீடன்ஸ் குழுவும் இல்லை. உலகம் முழுக்க நினைவில் வைத்திருக்கும் உட்ஸ்டாக் அந்தப் படத்தின் உட்ஸ்டாக். உள்ளே திரையில் ஓடும் காட்சிகளைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். நடந்த வரிசையில் கேட்க வேண்டுமென்றால், 2019இல் 38 குறுந்தகடுகளாக, ஏறக்குறைய 36 மணி நேரம் ஓடும் ஒலிப்பதிவுத் தொகுப்பு வந்தது. மொத்தம் 1,969 பிரதிகள்தான். அறிவிப்புகள், காணாமல்போன நண்பர்களைத் தேடும் அழைப்புகள் எல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் பாட்டுகளைவிட அந்த அறிவிப்புகள்தான் முக்கியம்.

சாப்பாட்டு ஏற்பாடு இரண்டாம் நாளே கைவிட்டது. ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் உடைத்த கோதுமையும் ஓட்ஸும் தலா சுமார் 680 கிலோ வாங்கி வைத்திருந்ததால் கஞ்சி மாதிரி காய்ச்சி ஊற்ற முடிந்தது. அக்கம்பக்கத்தார் சிலர் தண்ணீரை விலைக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்ட யாஸ்கர், தன் தொழுவத்தில் ‘தண்ணீர் இலவசம்’ என்று எழுதி மாட்டினார்.

2018இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அந்தச் சரிவைத் தோண்டினார்கள். கிடைத்தவை உடைந்த கண்ணாடி, பான டின்களின் இழுப்பு வளையங்கள் போன்ற எளிய பொருள்கள்தான். அவற்றையும் மண்ணின் மாற்றத்தையும் வைத்து மேடை நின்ற இடத்தைக் கணித்தார்கள். ஐம்பதே ஆண்டு ஆன இடத்துக்கும் அகழாய்வு தேவைப்படுகிறது, ஏனென்றால் போனவர்களின் நினைவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பக்கத்துக் காட்டில் கைவினைக் கடைகள் இருந்த பாதையும் திறந்திருக்கும் நாளாக இருந்தால் நடந்து பாருங்கள்.

மேட்டின் மேல் ஒரு செம்மேப்பிள் மரம் நின்றது. விழா நாள்களில் தகவல் கூடாரம் அதனருகில்தான். கூட்டத்தில் பிரிந்தவர்கள் “இங்கே காத்திரு” என்று அட்டையிலும் காகிதத் தட்டிலும் எழுதி அந்த மரத்தில் குத்திவிட்டுப் போனார்கள். உளுத்துப்போய் விழும் நிலைக்கு வந்ததால் 2024இல் அதை வெட்டிவிட்டார்கள்.

விழாவுக்கு வந்தவர்களில் இன்று இருப்பவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அருங்காட்சியகத்தார் அவர்களைத் தேடிப் போய் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள். அங்கே நடமாடும் முதியவர்களில் சிலர் அந்த மூன்று நாளும் அதே சரிவில் இருந்தவர்களாக இருக்கலாம். தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். யார் பாட்டு பிடித்தது என்று கேட்காதீர்கள். அது எல்லாரும் கேட்பது. எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், அங்கே என்ன கேட்டது என்று கேளுங்கள். முடிந்தால் வெளியே கூட்டிப் போய், கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.