புரதம் மாறாமலேயே பாக்டீரியா மாறும்

"மரபணுவுக்கு வெளியே நிகழும் பிறழ்வு (டிஎன்ஏ எழுத்து மாற்றம்) பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது, புரதம் மாறினால்தான் விளைவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் இப்படிச் சொல்வது ஆபத்தும்கூட.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் உள்ள ஆம்ப்-சி மரபணு, பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உருவாக்குகிறது. அதற்கு முன்னால் இருக்கும், மரபணுவை இயக்கத் தொடங்கும் ஊக்குவிப்புப் பகுதி வலுவற்றது என்பதால் நொதி சொற்பமாகவே சுரக்கும். அங்கே 'டிடிஜிடிசிஏ' என்ற டிஎன்ஏ எழுத்து வரிசை 'டிடிஜிஏசிஏ' ஆனால் போதும். மரபணுவைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் அதை நன்றாகப் பற்றிக்கொள்கிறது, மருந்தைச் சிதைக்கும் நொதி பல மடங்கு பெருகுகிறது, பென்சிலின் வகை மருந்தான ஆம்பிசிலின் பலிக்காமல் போகிறது. அந்த நொதியில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. மாறியது ஒரே ஓர் எழுத்து!

இது புதிய செய்தியும் அல்ல. ஜாக்கப், மோனோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் இருவரும் 1961-லேயே லாக் ஓபரானை (லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதி) வைத்து இதை விளக்கிவிட்டார்கள். அவற்றை அடக்கிவைக்கும் தடுப்புப் புரதம் டிஎன்ஏவில் அமரும் இடம் பழுதானால், லாக்டோஸ் இல்லாதபோதும் அந்த மரபணுக்கள் ஓயாமல் இயங்கும். தடுப்புப் புரதத்தின் மரபணுவே பழுதானாலும் அதே நிலைதான். ஆனால் நல்ல மரபணுப் பிரதி ஒன்றைச் செல்லுக்குள் சேர்த்தால் இரண்டாவது கோளாறு சரியாகிவிடும், ஏனென்றால் புரதம் செல்லெங்கும் பரவக்கூடியது. முதல் கோளாறு சரியாகாது. அமர வேண்டிய இடமே கெட்டுவிட்டதே!

மரபணுக்களுக்கு இடைப்பட்ட பிறழ்வுகளில் பல விளைவற்றவை என்பது உண்மை. "எதுவுமே செய்யாது" என்பதுதான் பிழை. பாக்டீரியாவில் அந்த இடைவெளிகள் மிகக் குறுகியவை. கட்டுப்பாட்டுக் குறிகள் அங்கேதான் நெருக்கமாக அமைந்திருக்கின்றன.