நிறுத்தி வைத்த கார் எவ்வளவு குடிக்கிறது?

மின்சார கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" நியாயமான கேள்விதான். ஆனால் நம் கார்கள் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் மிக அதிகம். வீட்டு வாசலில், ஆபீஸ் பார்க்கிங்கில், ரயில் நிலையத்தில், கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டே இருக்கும். அப்போது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனிக்காரர்களும் தாமாகச் சொல்வதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே அந்த ரேஞ்ச், நம் நாட்டுச் சோதனையானாலும் ஐரோப்பா, அமெரிக்கச் சோதனையானாலும், அது காரை ஓட்டிப் பார்த்து வருகிற கணக்கு. நாள் கணக்கில் சும்மா நின்றால் என்ன குறையும் என்பதற்கு அதில் இடமே கிடையாது.

சும்மா நிற்கும்போது கொஞ்சம் குறையத்தான் செய்யும், அது இயற்கை என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட்டரி தானாக இழப்பது மிகக் குறைவு. மீதியெல்லாம் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்காமல் விழித்திருப்பதால் வருகிற செலவு. எதை எப்போது தூங்க வைப்பது என்பது கம்பெனியின் முடிவு. மென்பொருளை மாற்றினாலே இந்தச் செலவு குறைகிறது என்பதே அதற்குப் போதுமான சாட்சி.

இதற்கு நல்ல உதாரணம் டெஸ்லாவின் மாடல் எஸ். 2012 ஜூனில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜான் புரோடர் அந்தக் காரில் கனெக்டிகட் வரை குளிர்காலப் பயணம் போய் எழுதிய கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது. இரவு நிறுத்தும்போது 90 மைல் காட்டிய கார் காலையில் 25 மைல்தான் காட்டியது என்று எழுதியிருந்தார். டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் காரின் பதிவுகளை வெளியிட்டு, கட்டுரையில் பல விஷயங்கள் தவறு என்று பாய்ந்தார். அந்த ராத்திரி இழப்பில் கடுங்குளிருக்குப் பெரிய பங்கு உண்டு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் குளிரே இல்லாத ஊர்களிலும் உரிமையாளர்கள் அதே புகாரைச் சொன்னார்கள். அந்தக் காலத்து மாடல் எஸ் சும்மா நின்றே ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் இழந்ததை மீட்டர் வைத்து அளந்தவர்கள் உண்டு. 2013 முடிவதற்குள் 5.8 என்ற மென்பொருள் பதிப்பு வந்தது. அதன் பிறகு இழப்பு ஒரு யூனிட் அளவுக்கு இறங்கியது. அதே கார், அதே பெரிய பேட்டரி. அப்படியானால் அதற்கு முன்பு தினமும் போன மூன்று யூனிட் இயற்கையா?

இன்றைய நிலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறுத்தி வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் குறையலாம் என்று டெஸ்லாவின் கையேடே சொல்கிறது. 60 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டால் அது 0.6 யூனிட், அதாவது இடைவிடாமல் எரியும் 25 வாட். பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் காரில் நிறுத்தி வைத்தபின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தாலே மெக்கானிக் "எங்கேயோ லீக்கேஜ்" என்று தேட ஆரம்பித்துவிடுவார். 12 வோல்ட்டில் அது 0.6 வாட்தான். ஒரே வேலைக்கு, அதாவது ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு, நாற்பது மடங்கு செலவு. பல பெட்ரோல் கார்களில் இத்தனை கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் ஆப் இல்லை என்பது சரி. அதற்காக நாற்பது மடங்கா?

அப்புறம் இருக்கிறது சென்ட்ரி மோட். 2019 பிப்ரவரியில் டெஸ்லா கொண்டுவந்த காவல் வசதி. கேமராக்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கும், யாராவது காரைச் சீண்டினால் பதிவு செய்யும். நல்ல வசதிதான். ஆனால் மணிக்கு ஒரு மைல் ரேஞ்ச் போய்விடும். 250 வாட் என்று வைத்தால் நாள் முழுக்க 6 யூனிட், அதாவது அந்த 60 யூனிட் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. இதையே தினமும் போட்டு வைத்தால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட்தான் என்பதையும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கார் ஓர் அடிகூட நகராமல் வருகிற பில் இது. பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சென்ட்ரி தானாக நின்றுவிடும் என்று அவர்களே எல்லை வைத்திருக்கிறார்கள். 2024ல் இந்தச் செலவை மென்பொருளாலேயே 40 சதவீதம் அளவுக்குக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஐந்து வருடம் ஏன் ஆனது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

நம்மூர் வெயிலுக்கு இன்னொரு வசதி பொருந்தும். காருக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாமல் ஏசியைத் தானாக ஓடவிடுவது. ஏப்ரல், மே மாதச் சென்னையில் நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு இதைப் போட்டு வைத்தால் ஏசி மதியம் முழுக்க விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன் மட்டும் ஓடட்டும் என்ற தேர்வும் உண்டு. பலர் அந்த மெனுவைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஆப் விஷயமும் சொல்ல வேண்டும். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று செல்போனில் அடிக்கடி திறந்து பார்ப்பவர்கள், பார்க்கிற ஒவ்வொரு தடவையும் காரைத் தட்டி எழுப்புகிறார்கள். எழுந்த கார் உடனே தூங்காது. வெளியாட்களின் ஆப் சில, சில நிமிடத்துக்கு ஒரு தடவை காரிடம் விவரம் கேட்டு அதைத் தூங்கவே விடாது. சார்ஜ் இறங்குகிறதே என்ற கவலையில் பார்த்துப் பார்த்தே சார்ஜை இறக்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பெரிய பேட்டரியின் கதை. உண்மையில் நடுரோட்டில் நிற்க வைப்பது சின்ன பேட்டரி. ஓட்டுவதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஒரு பெரிய பேட்டரி இருந்தாலும் கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில்தான் உயிர் வாழ்கின்றன. கார் தூங்கும்போது பெரிய பேட்டரியின் கான்டாக்டர்கள், அதாவது அதைக் காரோடு இணைக்கும் பெரிய ஸ்விட்சுகள், திறந்துகொண்டு இணைப்பு துண்டிக்கப்படும். காரைப் பூட்டிவிட்டு அருகில் நின்றால் கேட்கும் "டக்" சத்தம் பெரும்பாலும் அதுதான். 12 வோல்ட் இறங்கினால் கார் எழுந்து, கான்டாக்டரை மூடி, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு ஊட்டிவிட்டு மறுபடி படுக்கும். மென்பொருள் சரியாகத் தூங்கவில்லை என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கும், லெட் ஆசிட் வகைச் சின்ன பேட்டரி சீக்கிரம் சாகும். டெஸ்லா 2021ல் அந்தச் சின்ன பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியது சும்மா இல்லை.

12 வோல்ட்டுக்கு ஊட்டுகிற வேலை தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூண்டாய் அயோனிக் 5 இருக்கிறது. இந்தியாவில் விற்கும் அந்தக் காரை ஸ்ரீபெரும்புதூர் ஆலையில்தான் அசெம்பிள் செய்கிறார்கள். சார்ஜிங்கைக் கவனிக்கும் ஐசிசியு என்ற பாகம் பழுதானால் 12 வோல்ட்டுக்கு ஊட்டம் நின்றுபோகும். 2024ல் இந்தியாவில் 1,744 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பாகத்தைச் சோதித்து, தேவையானால் மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்தார்கள். இது நின்ற இடத்து இழப்புப் பிரச்சினை அல்ல, வேறு கோளாறு. ஆனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சின்ன பேட்டரி காலியானால் கார் வெறும் இரும்புப் பெட்டி என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு என் கார் இரவில் இழக்கும் சதவீதம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடியது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அது நார்மல் சார், எல்லா வண்டியிலும் வரும்" என்றார் அந்தத் தம்பி. அவர்மேல் கோபமில்லை, அவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க எந்த எண்ணும் இல்லை. ஓடும் ரேஞ்ச் குறைந்தால் அட்டையில் இருக்கிற எண்ணைக் காட்டிச் சண்டை போடலாம். நிற்கும் இழப்புக்கு எதைக் காட்டுவது? அப்டேட் குறிப்பைத் திறந்தால் "சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்" என்று ஒரு வரி. என் பணத்தில் வாங்கிய வண்டியின் செலவை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு அதைச் சொல்லக்கூட மாட்டேன் என்கிறார்கள்.

இது முடியாத காரியம் ஒன்றுமில்லை. டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் உலகம் இந்தச் சண்டையை ஏற்கனவே போட்டு முடித்திருக்கிறது. 1999ல் சர்வதேச எரிசக்தி முகமை ஸ்டாண்ட்பை செலவு, அதாவது பயன்படுத்தாமல் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு, 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010ல் 1 வாட்டைச் சட்டமாக்கி, 2013ல் அரை வாட்டாக இறக்கியது. திரையில் நேரமோ தகவலோ காட்டும் சாதனங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அனுமதி உண்டு. காருக்கு அரை வாட் கேட்கவில்லை. ஆப் வேண்டும், திருட்டு எச்சரிக்கை வேண்டும், அதற்கு ஆகும் செலவு ஆகட்டும். எத்தனை வாட் என்று எழுதி வையுங்கள், சென்ட்ரி மாதிரி வசதிகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதன் செலவைக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கம்பெனி இருக்கும்வரைதான் இந்தப் பேச்சே. 2024 ஜூனில் திவாலான அமெரிக்க மின்சார கார் கம்பெனி ஃபிஸ்கரின் ஓஷன் காரை வாங்கியவர்கள், இனி மென்பொருளை யார் திருத்துவது என்று தாங்களே சங்கம் அமைத்து அலைய வேண்டி வந்தது.

கம்பெனிகள் அந்த எண்ணை எழுதி வைக்கும்வரை நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். அப்டேட் போடுவதற்கு முந்தைய ராத்திரி பூட்டும்போது சதவீதத்தையும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள், காலையில் வண்டியை எடுக்கும்போது இன்னொன்று. அப்டேட்டுக்குப் பிறகும் அதே மாதிரி. இடையில் ஆப்பைத் திறக்காதீர்கள். "நார்மல் சார்" என்று சொல்கிறவரிடம் அந்தப் படங்களைக் காட்டி, நார்மல் என்றால் எவ்வளவு என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.