கரண்ட் போனால் கேபிள் போனும் போகும்
அமெரிக்காவில் வீட்டு லேண்ட்லைனை விட்டு கேபிள் நிறுவனத்தின் போனுக்கு மாறினால் செலவு குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பழைய லேண்ட்லைனின் செம்புக் கம்பிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீடே இருட்டானாலும் கார்ட்லெஸ் அல்லாத சாதாரண போன் பேசும். கேபிள் போன், வீட்டுக் கரண்டில் ஓடும் மோடம் என்ற இணைப்புப் பெட்டியை நம்பியது. நியூ ஜெர்சியில் ஒரு பனிப்புயல் இரவில் கரண்ட் போனதும் எங்கள் போனும் செத்துவிட்டது, அந்த போன் வழியாக உதவிக்கு அழைக்கும் மாமியாரின் மருத்துவ அவசர பட்டனும் வேலை செய்யவில்லை. விடியும்வரை பயந்துகொண்டே இருந்தோம். கரண்ட் இல்லாதபோது மோடத்தை ஓட்டும் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும் என்று இணைப்பு கொடுத்தவர்கள் சொல்லவே இல்லை. பெரியவர்கள் இருக்கும் வீடென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், நம்பர் புது நிறுவனத்துக்கு மாறி முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். அவசரப்பட்டால் நம்பரே கைவிட்டுப் போகலாம்.