எனக்குப் பிடித்த நாயகன் ஒரு சூதாடி

கூடப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒருவன் கேட்டான்: "கதையில வாற ஆக்களில ஆரைப் பிடிக்கும், ஏன்?" அரை மணித்தியாலத்துக்குள் வந்தியத்தேவனுக்குப் பதினொரு வாக்கு விழுந்துவிட்டது. நான் "சாதுவன்" என்று போட்டேன். "அது ஆரடா, புதுப் படமோ?" என்றான் ஒருத்தன். இந்தப் பதிவு அவனுக்காக.

வந்தியத்தேவனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1950இலிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடரில் கிழமைக்குக் கிழமை கல்கி எழுதிய அந்த ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? வாயைத் திறந்தால் பொய், அந்தப் பொய்யிலும் ஒரு குறும்பு. கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் இறங்கி, கடைசியில் அவள் கைகொடுத்துத்தான் வெளியே வருகிறான். கதாநாயகனைச் சேற்றில் இறக்கிவிட்டுச் சிரிக்கிற எழுத்தாளரை எனக்கும் பிடிக்கும். (இரவோடிரவாக இலங்கைக்குத் தனியே ஓடம் வலிக்கிற பூங்குழலிக்கு எங்கள் குழுவில் ஒரு வாக்குக்கூட விழவில்லை. பெடியள் குழு, வேறென்ன.)

ஆனால் என்னுடைய முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், அந்த இரும்புக் கை மட்டும் வெளியில் தெரியும். மச்சான் வைத்திருந்த பழைய முத்து காமிக்ஸ், அட்டை கழன்றது. சின்ன வயதில் கொழும்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது. பஸ்ஸில் ஏறும்போது அம்மா பொட்டைத் துடைத்துவிட்டு, "உள்ளுக்க தமிழில கதைக்காத" என்று என் காதுக்குள் சொல்வா. மறைவது எங்களுக்கு விளையாட்டு இல்லை. எவ்வளவுதான் மறைந்தாலும் ஏதோ ஒன்று வெளியில் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவை ஒரே ஒரு சொல் காட்டிக்கொடுத்திருக்கும். 1983 யூலை 25, திங்கட்கிழமை, கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்த நாள். கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலைக்குப் போனவர் காலி வீதியால் நடந்து வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் மறித்தவர்கள் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். சிங்களத்தில் அது 'பால்திய', முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேணும். அந்த முதல் எழுத்தில் தமிழ் வாய் பிடிபட்டுவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. அன்று கொழும்பில் கனபேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா சரியாகச் சொன்னார், விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ரேடியோவில் சிங்களச் செய்தி கேட்பார், சிங்களப் பேப்பர் வாசிப்பார், பக்கத்து வீட்டு ஐயாவோடு கிரிக்கெட் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார். வாளி வாங்கப் போனால் மட்டும் விரலை நீட்டிக் காட்டுவார்.

இப்போது சாதுவன். மணிமேகலையின் முப்பது காதைகளில் பதினாறாவதில் வருகிறான். ஆதிரையின் புருஷன். அவளை விட்டுவிட்டுக் கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் காசைத் தொலைத்த மனுஷன். நல்லவன் என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பொருள் தேடிக் கப்பல் ஏறுகிறான், கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் வாழும் மலையில் கரையேறி, களைப்பில் மரநிழலில் தூங்கிப்போகிறான். உடுப்பில்லாத நாகர்கள் வந்து, தனியாகக் கிடைத்தான், நல்ல சாப்பாடு என்று எழுப்புகிறார்கள். கண் விழித்தவன் அவர்களுடைய பாஷையிலேயே அவர்களோடு கதைக்கிறான். அவ்வளவுதான், விலகி நின்று கும்பிட்டு, தங்கள் தலைவனிடம் கூட்டிப்போகிறார்கள்.

சாத்தனார் அந்த இடத்தைக் காட்டுவதைப் பாருங்கள். கள்ளுப் பானைகள், முடை நாற்றம், காய்கிற வெள்ளெலும்புகள், நடுவில் கரடியும் பெண் கரடியும் இருப்பதுபோலத் தலைவனும் மனைவியும். இவனுக்குப் பெண்ணும் கள்ளும் இறைச்சியும் கொடுக்கச் சொல்கிறான் தலைவன். இவன் வேண்டாம் என்கிறான். அதெல்லாம் இல்லாமல் பிறந்து என்ன பயன் என்று தலைவன் கோபிக்கிறான். சாதுவன் பயந்து பின்வாங்கவில்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. உட்கார்ந்து வாதாடுகிறான், அவன் பாஷையில். கடைசியில், கப்பல் உடைந்து ஒதுங்குகிறவர்களை இனிக் கொல்வதில்லை என்று தலைவன் ஒத்துக்கொள்கிறான். முன்பு ஒதுங்கியவர்களிடம் பறித்த அகிலையும் துணியையும் கொடுத்து அனுப்பியும் வைக்கிறான்.

சாதுவன் அந்த மொழியை எங்கே படித்தான், எதற்குப் படித்தான்? எனக்கு அதில்தான் தீராத ஆசை. ஏதோ துறைமுகத்தில் நாகர் ஒருவரோடு ஒரு நாள் கதைத்திருப்பான், அவர் ஊரைப் பற்றி விசாரித்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். வந்தியத்தேவனும் வாயால் தப்புகிறவன்தான், ஆனால் பெரும்பாலும் தான் யார் என்பதை மறைத்துத் தப்புவான். சாதுவன் தான் யார் என்பதை வைத்துக்கொண்டே மற்றவன் மொழிக்குள் போகிறான். அப்பாவுக்கும் சிங்களம் தெரிந்திருந்தது. அன்றைக்கு அதை ஒளிவதற்கு மட்டும்தான் பாவிக்க விட்டார்கள்.

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனோம், அப்பா, நான், மகள். மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் சிங்களம் இரண்டாம் மொழி. அப்பா வழமைபோல விரலைத் தூக்கினார். மகள் முந்திவிட்டாள். "அங்கிள், பால்தியக் தென்ன." முதல் எழுத்து எங்கள் ஊர் 'ப'தான், அச்சொட்டான தமிழ் வாய்.

"மொன பாட்டத, துவ?" என்ன நிறம், மகள் என்று கேட்டார் கடைக்காரர்.

"நில்," என்றாள். நீலத்துக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். கடைக்காரர் நீல வாளியை எடுத்து வைத்து அறுநூற்றைம்பது என்றார். இவள் ஐந்நூறு என்றாள். அவர் தலையில் கைவைத்தார். அப்பா விரலை எப்போது இறக்கினார் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது, "ஐந்நூற்றைம்பது கேள்" என்று பேத்தியின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.